ஐந்தாவது கிளை

கேட்டைப் பிடித்து ஆட்டாதீர்கள் தம்பி. மேல் கீல் போய்விட்டது. மொத்தக் கனமும் கீழ்க் கீலில்தான் தொங்குகிறது. மாற்ற வேண்டியதுதான், நான் மாட்டேன் என்றா சொன்னேன்? மாற்றுவதற்கு நாலு பேர் சம்மதிக்க வேண்டும். நான் ஒருத்தன் சம்மதித்தாயிற்று. மீதி மூன்று பேர் வாயைத் திறக்கவில்லை. அதனால் தொங்குகிறது.

ரூம் இருக்கிறதா என்றுதானே கேட்டீர்கள். இருக்கிறது. கீழே இரண்டு, மேலே இரண்டு, நாலும் காலி. சீசனில் குற்றாலத்தில் ரூமுக்கு ஜனங்கள் படுகிற பாடு எனக்குத் தெரியாதா? மதியத்திலிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், உங்கள் கார் இந்த ரோட்டில் இப்படியும் அப்படியுமாகப் போய்க்கொண்டிருந்ததை. ஆனால் இருக்கிறது என்பதற்காகத் தூக்கிக் கொடுத்துவிட முடியுமா? இது லாட்ஜ் இல்லை. நாலு பேருக்குப் பாத்தியப்பட்ட வீடு. இதற்கு ஒரு முறை இருக்கிறது.

காரில் யார், அம்மாவா? முழங்கால் வலியோடு அருப்புக்கோட்டையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்தீர்களாக்கும். இருக்கட்டும். இப்படி நனையாமல் வாருங்கள். அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காராதீர்கள், அது பால்வண்ணத்துடையது. அவனைக் கேட்காமல் அதை நான் தொடுவதில்லை. இதில் உட்காருங்கள், இது என்னுடையது. நான் படியில் உட்கார்ந்துகொள்கிறேன். எனக்குப் பழக்கம்தான்.

என் பேர் கோமதிநாயகம். கோவில்பட்டியில் சாக்குக் கடை. பழைய சாக்கை வாங்கி, ஓட்டை தைத்து, திரும்ப விற்கிறது. அஞ்சாம் வகுப்போடு சரி, அதற்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ஆனால் ஒரு சாக்குக்குள் கையை விட்டால் அது எந்தச் சரக்கைச் சுமந்தது, எங்கே கிழியப் போகிறது என்று சொல்லிவிடுவேன். மனுஷனையும் அப்படித்தான். மற்ற மூன்று பேரும் அதே தெருவில் கடை வைத்திருந்தவர்கள். பாத்திரக் கடை செண்பகராமன். மருந்துக் கடை ஞானராஜ். வத்தல் மண்டி பால்வண்ணம். பால்வண்ணம் எப்படிப்பட்டவன் என்றால், தும்மல் வந்தால்கூட நாலு பக்கமும் பார்த்து, யாராவது சரி என்றால்தான் தும்முவான். ஞானராஜ் காலேஜ் படித்தவன். மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் படித்து, உலகத்தில் எல்லாவற்றுக்கும் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் என்று நினைக்கிறவன். செண்பகராமன் பெண்டாட்டி சொல்லுக்கு ஆடுகிறவன். இந்த மூன்று பேரோடு நான் ஒரு வீட்டை வாங்கினேன். புத்தி எங்கே போயிருந்தது என்று கேளுங்கள்.

வருஷா வருஷம் சீசனுக்கு நாலு குடும்பமும் ஒரே வேனில் வருவோம். ஒரு வருஷம் எங்கேயும் ரூம் கிடைக்கவில்லை. வேனுக்குள்ளேயே முடங்கிக் கிடந்தோம், பொம்பளைகள் சீட்டிலும் நாங்கள் கீழேயுமாக. காலையில் டீக்கடையில் வைத்து ஞானராஜ்தான் ஆரம்பித்தான். "வே, நாலு பேரும் சேர்ந்து சின்னதா ஒரு வீட்டை வாங்கிப் போட்டா என்ன?" உடனே எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கேயே, அந்த டீக்கடையிலேயே நான் சொன்னேன். வாங்கலாம். ஆனால் எதுவாக இருந்தாலும் நாலு பேரும் சம்மதிக்க வேண்டும். ஒருத்தன் மாட்டேன் என்றாலும் அது நடக்கக் கூடாது.

ஞானராஜ் என்ன சொன்னான் தெரியுமா? "எதுக்கு அண்ணாச்சி, மெஜாரிட்டி வச்சுக்கிடுவோம்." மெஜாரிட்டி என்றால் என்ன? மூன்று பேர் சேர்ந்து நாலாவது ஆளின் முதுகில் ஏறுவது. அதைத்தானே படித்தவர்கள் எல்லாம் நியாயம் என்கிறார்கள்? நான் விடவில்லை. கடைசியில் செண்பகராமன் சொன்னான், "அண்ணாச்சி சொல்றது சரிதான், நாம அண்ணன் தம்பி மாதிரி, ஒருத்தர் மனசு நோகாம இருக்கணும்ல." அவன் வாயாலேயே சொன்னான். அதை அவன் மறந்துவிட்டான். நான் மறக்கவில்லை.

வரும்போது கேட் தூணில் ஒரு பளிங்குக் கல் பதித்திருக்கிறதே, பார்த்தீர்களா? வெறுங்கல். பேர் இருக்காது. பேர் வைக்க உட்கார்ந்தோம். ஞானராஜ் பைபிளிலிருந்து ஒரு பேர் சொன்னான். பால்வண்ணம் குற்றாலநாதர் பேரைச் சொன்னான். செண்பகராமன் கொஞ்சமும் வெட்கமில்லாமல் 'மரகதம் இல்லம்' என்றான். மரகதம் அவன் பெண்டாட்டி. மற்ற இரண்டு பேரும் அதற்கும் சரி என்றுவிட்டார்கள், பாருங்களேன். நான் மாட்டேன் என்றேன். அப்படியானால் நீங்கள் ஒரு பேர் சொல்லுங்கள் என்றார்கள். நான் ஏன் சொல்ல வேண்டும்? சொன்னால், கோமதிநாயகம் தன் இஷ்டத்தைத் திணிக்கிறான் என்பார்கள். நான் எதையும் திணிக்கவில்லை. அவர்கள் சொன்னதற்கு மாட்டேன் என்று மட்டும்தான் சொன்னேன். சுவரில் பச்சை, மஞ்சள், ரோஸ் என்று பட்டை பட்டையாக இருக்கிறதே, அதுவும் இப்படித்தான். பெயிண்ட் அடித்துப் பார்த்தது. முடிவாகவில்லை.

சரி, அது கிடக்கட்டும். சீசன் கதைக்கு வருகிறேன்.

முதல் வருஷம் தேதி போட்டுப் பிரித்தோம். சீட்டுக் குலுக்கினோம். முதல் முறை எனக்கு வந்தது. வந்து உட்கார்ந்தேன். ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை தம்பி. மெயினருவியில் வெறும் பாறை. குரங்குகள்கூடத் தாகத்துக்குக் குழாயடியில் நிற்கின்றன. எண்ணெய் தேய்த்துக்கொண்டு போய் அருவிக்கு முன்னால் நின்ற முட்டாள் நான் ஒருத்தன்தான். என் முறை முடிந்து நான் பஸ் ஏறினேன். ஞானராஜ் முறை தொடங்கின அன்றைக்கு மேலே மழை கொட்டி, அருவி முன்னாலிருக்கிற பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழுந்ததாம். திரும்பி வந்து கடைவாசலில் நின்று, "என்னா தண்ணி அண்ணாச்சி, முதுகுல அடிச்சா உரிச்சுரும் போல" என்றான். என்னிடம் வந்து சொல்கிறான். அந்தச் சிரிப்பை இன்னும் பார்க்கிறேன். ஒரே வீடு, ஒரே பங்கு, அவனுக்கு அருவி, எனக்குப் பாறை. இது நியாயமா?

அடுத்த வருஷம் நான் ஒரு புது முறை சொன்னேன். இதைவிட நியாயமான முறையை நீங்கள் யாராவது சொல்லுங்கள், நான் மீசையை எடுத்துவிடுகிறேன். நான் சொன்னது இதுதான். தேதியெல்லாம் வேண்டாம். ஐந்தருவியில் அஞ்சு கிளையிலும் என்றைக்குத் தண்ணீர் விழுகிறதோ, அன்றைக்குத்தான் சீசன் தொடங்கினதாகக் கணக்கு. அன்றையிலிருந்து முதல் ஆளுடைய வாரம். அதற்கு முன்னால் இந்த வீட்டுச் சாவியை யாரும் தொடக் கூடாது. ஏன் என்றால், சீசன் தொடங்கவில்லை, சும்மா எட்டிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஒருத்தன் வந்து, அந்த நேரத்தில் தண்ணீர் வந்து, அவன் குளித்துவிட்டால்? அது திருட்டுக் குளியல்தானே? ஆள் முறை வருஷத்துக்கு வருஷம் சுழலும். சாவி என்னிடம் இருக்கும்.

மூன்று பேரும் சரி என்றார்கள். உடனே சொல்லவில்லை. கொஞ்சம் நாள் ஆயிற்று. தினமும் கடைக்குக் கடை போய் உட்கார்ந்து விளக்கினேன். கடைசியில் பால்வண்ணம், "சரி அண்ணாச்சி, யாவாரத்தப் பாக்கணும், உங்க இஷ்டம்போல வச்சுக்கிடுங்க" என்றான். அதற்குப் பேர் சம்மதம்தானே.

ஐந்தருவிக்குப் போகிற வழியில் இசக்கியம்மாள் என்று ஒருத்தி மங்குஸ்தான் பழம் விற்பாள். அவளிடம் போன் நம்பர் கொடுத்து வைத்திருந்தேன். அஞ்சும் விழுந்தால் அவள் எனக்குச் சொல்வாள், நான் மற்றவர்களுக்குச் சொல்வேன். இரண்டு மூன்று வருஷம் அப்படி ஓடியது. ஒரு குறையும் இல்லை.

பிறகு ஒரு வருஷம். நாலு கிளையில் தண்ணீர் வந்துவிட்டது. அஞ்சாவது கிளை மட்டும் வரவில்லை. பாறையில் ஈரம் தெரியும், அவ்வளவுதான். அந்த வருஷம் முதல் வாரம் என்னுடையது. அடுத்தது செண்பகராமனுடையது. நாலு கிளைத் தண்ணீருக்கு என் வாரத்தைத் தொடங்க நான் என்ன கிறுக்கனா? காத்திருந்தேன்.

அப்போதுதான் செண்பகராமன் கடைக்கு வந்தான். சாக்குக் கட்டின் மேல் உட்கார்ந்தான். உட்காராதே என்று சொல்ல வந்தேன், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். நானும் மனுஷன்தான். மரகதத்துக்கு வயிற்றில் கட்டி என்பது தெருவுக்கே தெரியும். மதுரையில் பார்த்துவிட்டு, இனிமேல் இங்கே கூட்டி வர வேண்டாம், அவர்கள் ஆசைப்படுகிறதைச் செய்யுங்கள் என்று அனுப்பிவிட்டார்களாம்.

"என்ன ஆசைங்காங்க?" என்று கேட்டேன்.

"குற்றாலத்துச் சாரல்ல கொஞ்சம் இருக்கணுங்கா. குளிக்க முடியாது அண்ணாச்சி. சும்மா நம்ம வீட்டு வாசல்ல நாற்காலியப் போட்டு உக்காரணுங்கா. சாவியத் தாங்க. ரெண்டு நாள்."

"முறை இன்னும் தொடங்கலையே செண்பகம். அஞ்சும் விழட்டும், அப்புறம் என் வாரத்துல பாத்துக்கிடலாம்."

"தொடங்குறதுக்குள்ள அவ இருக்கணுமே."

"அப்படியெல்லாம் பேசாத" என்றேன். ஆறுதல்தானே சொன்னேன்? வேறு என்ன சொல்ல முடியும்? அவன் எழுந்து போனான். போகிறபோக்கில் ஒரு கும்பிடாவது போட்டானா? இல்லை.

மறுநாள் மூன்று பேருமாக வந்து நின்றார்கள். தெருவே பார்க்கிறது. பால்வண்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணாச்சி, என் முறையையும் நீங்களே எடுத்துக்கிடுங்க. சாவிய மட்டும் குடுங்க" என்றான். முறை என்ன வத்தலா, எடை போட்டு மாற்றிக்கொள்ள? ஞானராஜ் பழைய பாட்டைத் தொடங்கினான். "மூணு பேரு சரின்னுட்டோம். இனி என்ன?"

"மூணு பேர் போதும்னா நான் எதுக்கு?" என்று கேட்டேன்.

அதற்கு அவன், "அதத்தான் வே நாங்களும் யோசிக்கோம்" என்றான். படித்தவன் பேசுகிற பேச்சு. வயதில் மூத்தவனிடம்.

நான் கோபப்படவில்லை. பொறுமையாகச் சொன்னேன். இன்றைக்கு ஒருத்தருக்கு உடம்பு சரியில்லை என்று முறையை உடைத்தால், நாளைக்கு ஒருத்தன் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிறேன் என்பான், இன்னொருத்தன் சம்பந்தி வருகிறார் என்பான். உடைகிற முறை முறையா? உங்களுக்கும் சேர்த்துத்தான் நான் இதைக் காப்பாற்றுகிறேன் என்றேன். புரிந்துகொள்கிற தலையாக இருந்தால்தானே?

இரண்டு நாள் கழித்து இசக்கியம்மாள் போன் பண்ணினாள். "அண்ணாச்சி, அஞ்சும் விழுது."

எனக்கு அந்தக் குரல் பிடிக்கவில்லை. சாக்குக்குள் கையை விட்டால் தெரியும் என்றேனே, அப்படி. அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன். தென்காசியில் இறங்கி, அங்கிருந்து மாறி, நேரே ஐந்தருவி. போய் நின்று பார்த்தால் நாலுதான். அஞ்சாவது கிளையில் ஒரு சொம்பைப் பிடித்தால் நிறைய மத்தியானம் ஆகும். அவளிடம் போய்க் கேட்டேன், எதற்கு இப்படிப் புளுகினாய் என்று. பழத்தை அடுக்கிக்கொண்டே, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொல்கிறாள், "அந்தம்மா வரட்டுமேன்னுதான் சொன்னேன். தண்ணி என்ன உங்க வீட்டுத் தண்ணியா?"

நாலு பேர் வைத்த நம்பிக்கையில் மண்ணைப் போட்டுவிட்டு, ஒரு பழக்காரி என்னிடம் பேசுகிற பேச்சு இது. அன்றிலிருந்து அவளிடம் நான் பழம் வாங்குவதில்லை.

இவளே பொய் சொல்கிறாள் என்றால் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? பூட்டை உடைக்க ஆளோடு வந்தாலும் வருவார்கள். அதனால் இங்கே வந்தேன். உள்ளே போகவில்லை தம்பி, அதைக் கவனியுங்கள். சாவி என் மடியில்தான் இருந்தது. சாரல் அடிக்கிறது. நான் நினைத்திருந்தால் திறந்து, உள்ளே போய்க் காலை நீட்டியிருக்கலாம். செய்தேனா? கேட்டுக்கு முன்னால் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒரு முறை, அடுத்தவனுக்கு ஒரு முறை என்று நான் வைத்ததே இல்லை.

நினைத்த மாதிரியே கார் வந்தது. இப்போது உங்கள் கார் நிற்கிறதே, அதே இடம். முன்பக்கம் செண்பகராமன், பின்னால் தலையணை வைத்துச் சாய்ந்து மரகதம். பழக்காரி அவனுக்கும் சொல்லியிருக்கிறாள். அவன் இறங்கி வந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அஞ்சு இல்லை, நாலுதான், நானே பார்த்துவிட்டு வருகிறேன் என்றேன். கத்துவான், அடிக்க வருவான், பார்த்துக்கொள்ளலாம் என்று நின்றேன். அவன் என் முகத்தைப் பார்த்தான். பிறகு கேட்டைப் பார்த்தான். திரும்பிப் போய்க் காருக்குள் உட்கார்ந்துகொண்டான். அந்த அழுத்தம் இருக்கிறதே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியாது. திட்டிவிட்டுப் போயிருந்தால் நானும் இரண்டு வார்த்தை சொல்லி, அன்றைக்கே கணக்கு முடிந்திருக்கும்.

அந்தம்மாள் கண்ணாடியை இறக்கினாள். சாரல் உள்ளே அடிக்கிறது. முகத்தை வெளியே நீட்டி, கண்ணை மூடிக்கொண்டு அப்படியே இருந்தாள். முகம் மஞ்சளாக, இந்தா, இவ்வளவுதான் இருக்கும், ஒரு கைக்குள் அடங்கிவிடும். பிறகு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "அண்ணாச்சி, எப்ப வந்தீங்க? சாப்ட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு" என்றேன். ஆகவில்லை. அவள் பிளாஸ்கிலிருந்து ஒரு டம்ளரில் காப்பி ஊற்றி ஜன்னல் வழியாக நீட்டினாள். பாதி காப்பி கதவில் வழிகிறது. நான் வாங்கவில்லை. ஒருத்தர் கையால் வாங்கிக் குடித்துவிட்டால் அப்புறம் அவர்களிடம் நியாயம் பேச முடியாது தம்பி. வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அவள் கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே இருந்தாள். பிறகு செண்பகராமன் அதை வாங்கி ரோட்டில் ஊற்றினான்.

இருட்டுவதற்குள் போய்விட்டார்கள். அவளுக்கு ஒன்றும் குறை இல்லை. "நல்லாருக்குங்க, போதுங்க" என்று புருஷனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். சாரலில் உட்கார வேண்டும் என்றாள், உட்கார்ந்தாள். கேட்டுக்கு உள்ளே விழுகிற சாரல் வேறு, வெளியே விழுகிற சாரல் வேறா? அதைச் சொன்னால் ஊரில் எவனும் ஒத்துக்கொள்வதில்லை.

அடுத்த வாரமே அஞ்சும் கொட்டியது. நான் சொன்னது சரியாகப் போயிற்றா இல்லையா? என் வாரம் தொடங்கியது. அந்த மாதிரித் தண்ணீர் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. என் வீட்டுக்காரியைக் கூப்பிட்டேன், வரவில்லை, மகனோடு இருக்கிறேன் என்றுவிட்டாள். தனியாக வந்து குளித்தேன். என் வாரம் முடிந்தது. ஒழுங்காகச் சாவியைக் கொண்டுபோய்ச் செண்பகராமன் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்தேன். உன் முறை என்றேன். அவன் கடைப் பையனைக் கூப்பிட்டு, "இத அவருகிட்டயே குடுத்துரு" என்றான். நான் எதிரிலேயே நிற்கிறேன். என்னிடம் சொல்லவில்லை, பையனிடம் சொல்கிறான்.

ஐப்பசியில் அந்தம்மாள் போய்விட்டாள். துஷ்டி கேட்கப் போனேன். போகாமல் இருக்க முடியுமா? வரிசையில் நின்று, என் முறை வந்ததும் கையை நீட்டினேன். எல்லோருடைய கையையும் தொட்டான். என் கை வந்ததும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த ஆளைப் பார்த்தான். துஷ்டி கேட்க வந்தவன் கையைத் தொடாமல் விடுவது எந்த ஊர்ப் பழக்கம்? நீங்கள் சொல்லுங்கள். என்ன மனஸ்தாபம் இருந்தாலும் சாவு வீட்டில் காட்டலாமா? கையை நீட்டியபடி எவ்வளவு நேரம் நின்றேன் என்று எனக்கே தெரியாது. பால்வண்ணம்தான் முழங்கையைப் பிடித்து நகர்த்தி விட்டான்.

அன்றோடு சரி. மூன்று பேரும் இந்த வீட்டுக்கு வருவதில்லை. தங்கள் முறையை எடுப்பதும் இல்லை. விற்கலாம் என்று சொல்லி அனுப்பினேன், பதில் இல்லை. சரி, வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி அனுப்பினேன், அதற்கும் இல்லை. மாட்டேன் என்றாவது சொல்லலாம் அல்லவா? மாட்டேன் என்று சொல்வதற்கும் ஒரு நாணயம் வேண்டும். மோட்டார் எரிந்து போயிற்று. நாலு பேர் சம்மதம் இல்லாமல் நான் அதைத் தொட மாட்டேன். கிணற்றில் வாளி போட்டுத்தான் இறைக்கிறேன். மேல் ரூமில் ஒழுகுகிறது, குண்டானை வைத்திருக்கிறேன். குண்டான் என்னுடையது.

இன்னொன்று சொல்கிறேன், சிரிக்காதீர்கள். மூன்று பேரும் சீசனுக்குக் குற்றாலம் வராமல் இல்லை. வருகிறார்கள். பழைய குற்றாலம் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜில், சேர்ந்தாற்போல் மூன்று ரூம் எடுத்துத் தங்குகிறார்கள். இப்போதும் அங்கேதான் இருக்கிறார்கள். நேற்றுச் சாயங்காலம் பார்த்தேன், ஒரே வேனில், துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, இந்த வாசல் வழியாகத்தான் போனார்கள். சொந்த வீடு பூட்டாமல் திறந்து கிடக்கிறது, லாட்ஜில் போய்ப் படுக்கிற ஜென்மங்களை எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? வேன் இந்த இடத்தில் வந்ததும் பேச்சு நின்றது. தாண்டிப் போனதும் திரும்பச் சிரிப்பு. என்னதான் பேசுவார்களோ. அப்படிச் சிரிக்க அவர்களுக்குள் என்ன இருக்கிறது? நானும் அந்த வேனில் வருஷக்கணக்காக வந்தவன்தான், அப்போதெல்லாம் இப்படிச் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எனக்கு என்ன குறை? சீசன் பூராவும் வீடு என்னுடையது. நாலு ரூமும் காலி. தினமும் ஐந்தருவிக்கு நானே நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். இன்றைக்கு அஞ்சும் விழுகிறது.

என்ன தம்பி, எழுந்துவிட்டீர்கள். ரூமா? அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். வெளி ஆளுக்குக் கொடுக்க வேண்டும் என்றால் நாலு பேர் சம்மதம் வேண்டும். என் போனை அவர்கள் எடுக்க மாட்டார்கள். உங்கள் போனிலிருந்து போடுங்கள். செண்பகராமன் நம்பரைச் சொல்கிறேன். மனப்பாடம்தான், எழுதி வைத்துக்கொள்ள வேண்டுமா என்ன? போடுங்கள். ஸ்பீக்கரில் போட வேண்டாம். அவன் குரலை நான் எதற்குக் கேட்க வேண்டும்? நீங்கள் கேட்டுச் சொல்லுங்கள்.

எடுத்துவிட்டானா? சொல்லுங்கள், அம்மாவுக்கு முடியவில்லை என்று சொல்லுங்கள்.

என்னவாம்? அம்மாவை முதலில் உள்ளே கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறானா. கீழ் ரூம், கிழக்கே பார்த்தது. கட்டில் இருக்கிறதாம். தெரியும், அவனுடைய கட்டில்தான், இன்னும் அங்கேதான் கிடக்கிறது. சரி, மற்ற இரண்டு பேர்? பக்கத்திலேயே இருக்கிறார்களா. இரண்டு பேருக்கும் சரியாம். கேட்காமலேயே சரி. எவ்வளவு சுலபம் பாருங்கள். யார் எவர் என்று விசாரித்தார்களா? பாத்திரக் கடையில் டம்ளர் எடுத்துக் கொடுக்கிற மாதிரி.

இருங்கள், வைத்துவிடாதீர்கள். மூன்று பேர் ஆயிற்று. நாலாவது ஆள் நான். என்னிடம் கேட்க வேண்டாமா? நீங்கள் இல்லை தம்பி, நீங்கள்தான் கேட்டாயிற்றே. அவன் கேட்க வேண்டும். அதிகம் வேண்டாம். "அண்ணாச்சி, குடுத்துருங்க." இவ்வளவுதான். நான் உடனே சரி என்றுவிடுவேன், விளக்கு போட்டு, போர்வை எடுத்து வைத்து, அம்மாவை நானே கையைப் பிடித்து இறக்குகிறேன். அவனிடம் சொல்லுங்கள், அண்ணாச்சி பக்கத்தில்தான் நிற்கிறார், ஒரு வார்த்தை பேசுங்கள் என்று. ஸ்பீக்கரில் போடுங்கள். போடுங்கள் தம்பி.

செண்பகம்?

நான்தான்.

கேட்கிறதா? ஏதோ இரைச்சல்தான் வருகிறது. அருவிச் சத்தமா, சாரலா. கட்டாகிவிட்டதா? சிக்னல் போயிருக்கும். இந்த மரத்தடியில் போகும். திரும்பப் போடுங்கள். மணி அடிக்கிறதா. எடுக்கவில்லையா. இன்னொரு தரம் போடுங்கள்.

கண்ணாடியை இறக்கிவிட்டு அம்மா ஏன் முகத்தை வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள் தம்பி? நனைகிறார்கள். ஏற்றச் சொல்லுங்கள். என்ன கேட்கிறார்கள்? என்னையா? ஆச்சு என்று சொல்லுங்கள். சாப்பிட்டாச்சு.

எங்கே போகிறீர்கள்? தென்காசிக்கா? அங்கேயும் இடம் இருக்காது, சொல்லிவிட்டேன். உட்காருங்கள், அவன் எடுப்பான். எடுக்காமல் எங்கே போவான்? என்ன அவசரம்? இந்தக் காலத்தில் யாருக்கும் ஒரு முறைக்காகக் காத்திருக்கத் தெரியவில்லை. நான் மாட்டேன் என்று சொல்லவில்லையே. தம்பி, நான் மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீங்களே சாட்சி.

சரி. போவதென்றால் போங்கள். கேட்டைச் சாத்திவிட்டுப் போங்கள். மெதுவாக. கொஞ்சம் தூக்கிப் பிடித்துச் சாத்துங்கள், அந்தக் கீல்.